அந்தப் பிழை யாருடையது? கொழும்பில் இணையத்தளம் செய்துகொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

காலி வீதியில், பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும், புடவைக்கடைக்கும் நகைக்கடைக்கும் மேலே ஒரு சின்ன அறையில் நாலைந்து பிள்ளைகளோடு தொழில் நடத்துகிற உங்களில் எவருக்கும் இந்த மடல் பொருந்தும். எங்கள் தளத்தைச் செய்தவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்ததைத்தான் நீங்கள் எல்லோரும் செய்கிறீர்கள். நானும் செய்தேன். 2003 முதல் ஆறு வருடம் அப்படியான ஒரு மேல்மாடி அறையில் இருந்து சம்பளம் எடுத்தவன் நான். அதனால் உங்கள் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியும், அதன் கள்ளமும் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு கிளை இருக்கிறது. 2011இல் அந்தக் கிளைக்கு ஓர் இணையத்தளமும் அதற்குள் ஒரு கருத்துக்களமும் செய்வித்தோம். யார் எங்கே இருக்கிறார், எந்த வகுப்பு ஒன்றுகூடல் எப்போது, எந்த ஆசிரியர் காலமானார் என்பதெல்லாம் அங்கேதான் கதைத்தோம். பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வந்த பிறகு களத்தில் எழுதுவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது. ஆனால் உள்ளே இருந்தவை இருந்தபடியே இருந்தன. நானூறுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், சிலருடைய அடையாள அட்டை இலக்கம். (உறுப்புரிமைப் படிவத்தில் அதையும் கேட்டிருந்தோம். ஏன் கேட்டோம் என்று இன்றைக்குச் செயற்குழுவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.)

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கனடாவில் இருக்கும் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூகுளில் எங்கள் சங்கத்தின் பெயரைத் தேடி அழுத்தினால் சூதாட்டக் கடை ஒன்று திறந்தது. முகவரியைத் தட்டி நேரே போனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கூகுள் வழியாக வருபவருக்கு மட்டும்தான் அந்தக் கடை. அதனால் எத்தனை மாதமாக அது அப்படி இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, தெஹிவளையில் இருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவன் அவருடைய முழுப்பெயர், வீட்டு இலக்கம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை படிப்பித்தார் என்பதெல்லாம் சரியாகச் சொல்லி, சங்கத்தின் மருத்துவ நிதிக்கு என்று 25,000 ரூபா கேட்டிருக்கிறான். ரீச்சர் கொடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள்தானே என்று நினைத்தாராம்.

தளத்தைச் செய்தவர்களுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். "அண்ணா, அது ஓப்பன் சோர்ஸ். பிழை அந்த சொஃப்ட்வெயாரில இருக்கு. அதுக்கு நாங்கள் எப்பிடிப் பொறுப்பெடுக்கிறது?" என்றார். மறுநாள் மின்னஞ்சலும் வந்தது. அதில் அந்த மென்பொருளின் உரிமத்திலிருந்து, "எந்த உத்தரவாதமும் இல்லை" என்று சொல்லும் பகுதியை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல்.

எங்கள் களம் ஓடியது பிஎச்பிபிபி என்ற மென்பொருளில். 2000ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்துவரும் மென்பொருள் அது; மூல நிரலை எவரும் எடுத்துப் பாவிக்கலாம், தம்பி சொன்ன ஓப்பன் சோர்ஸ் அதுதான். இப்படியான மென்பொருளுக்கென்றே எழுதிய ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, 1991இல் எழுதப்பட்டது, அதற்குப் பொருந்தும். நீங்கள் வெட்டி ஒட்டிய பகுதி அந்த உரிமத்தின் 11ஆம் பிரிவு. முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதால் எல்லோர் கண்ணிலும் அதுதான் படும். அதே உரிமத்தின் 1ஆம் பிரிவு சின்ன எழுத்தில் இருக்கிறது. பிரதியைக் கைமாற்றுவதற்குக் காசு வாங்கலாம், விரும்பினால் காசுக்கு உத்தரவாதமும் வழங்கலாம் என்று அது சொல்கிறது. இலவசமாக எழுதிக் கொடுத்தவன் உத்தரவாதம் தரமாட்டேன் என்கிறான், நியாயம். அதை எடுத்து விலைக்கு விற்கிறவன் உத்தரவாதத்தையும் சேர்த்து விற்கலாம் என்று அவனே வழியும் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். 11ஆம் பிரிவு, எழுதியவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள கதை. எங்களுக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது நீங்கள் அனுப்பிய பில்.

அந்தப் பில்லுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் என் பங்கைச் சொல்ல வேண்டும்.

2004 நவம்பரில் பிஎச்பிபிபியில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரியவந்தது. களத்தில் ஒரு சொல்லைத் தேடி ஒரு பக்கத்தைத் திறந்தால், தேடிய சொல்லை நிறம் பூசிக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. அந்தச் சொல் முகவரி வரியோடு சேர்ந்து வரும். குறியீடாக வருவதை, களம் எழுதப்பட்ட கணினி மொழியான பிஎச்பி தானே ஒருமுறை அவிழ்த்துவிடும். எழுதியவர்கள் அதை இரண்டாம் முறையும் அவிழ்த்தார்கள். அவ்வளவுதான் பிழை. ஒரு மேற்கோள்குறிக்கு இரண்டு உறை போட்டு %2527 என்று அனுப்பினால், முதல் உறை கழன்றபோது வாசலில் நின்ற காவல் அதை மேற்கோள்குறி என்று அடையாளம் காணவில்லை. இரண்டாவது உறை வீட்டுக்குள் போன பிறகு கழன்றது. அப்புறம் அது போய்ச் சேர்ந்த இடம், மாற்றிப்போடும் எழுத்தை நிரலாகவே இயக்கிவிடும் ஒரு வசதி. (அந்த வசதி ஆபத்தானது என்று பிஎச்பிக்காரர்கள் 2015இல் ஏழாம் பதிப்போடு அதைத் தூக்கிவிட்டார்கள்.) நிறம் பூசப் போன சொல், சேர்வருக்குக் கட்டளையிடும் சொல்லாக மாறிவிட்டது.

நவம்பர் 18ஆம் திகதி 2.0.11 என்ற பதிப்பு திருத்தத்தோடு வந்தது. டிசம்பர் 20ஆம் திகதி அளவில் சான்டி என்ற புழு, அதாவது தளத்துக்குத் தளம் தானாகவே பரவும் நிரல், கிளம்பியது. அது கூகுளிலேயே தேடி, பிஎச்பிபிபி ஓடும் தளங்களைக் கண்டுபிடித்து, திருத்தம் போடாத தளங்களுக்குள் புகுந்து, அங்கிருந்த பக்கங்களை அழித்துத் தன் பெயரை எழுதிவிட்டு அடுத்த தளத்தைத் தேடிப் போனது. ஏறத்தாழ 40,000 தளங்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். கூகுள் அந்தத் தேடலை மறித்த பிறகுதான் அடங்கியது.

திருத்தம் வந்ததற்கும் புழு வந்ததற்கும் இடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு மாதமும் எங்கள் நிறுவனத்தின் பராமரிப்பில் பதினொரு களங்கள் இருந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. மூன்று போயின. கிறிஸ்மஸ் வாரம். வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்லலாம் என்று முதலாளியும் நானும் யோசித்துக்கொண்டிருந்தபோது 26ஆம் திகதி கடல் வந்தது. அதற்குப் பிறகு யார் இணையத்தளத்தைக் கேட்டார்கள்? எங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த மூன்று தளங்களும் யாருடைய பிழையால் போயின? இரண்டு முறை அவிழ்த்தது எழுதியவர்களின் பிழை, அதை மறுக்கவில்லை. அவர்கள் அதை ஒத்துக்கொண்டு, திருத்தி, எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டார்கள். நவம்பர் 18ஆம் திகதியோடு அவர்கள் செய்யக்கூடியது முடிந்தது. அதற்குப் பிறகு திருத்தம் கிடந்தது என் மேசையில். அன்றிலிருந்து அது என் பிழை. திருத்தக்கூடிய கை எவருடையதோ அவர்மேல்தான் பொறுப்பு இருக்கிறது. அந்தக் கை நாளுக்கு நாள் மாறும் என்பதைத்தான் நாம் ஒருவரும் வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை.

ஏன் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் சோம்பல் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தமிழ்த் தளம் என்றால், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் பாமினி எழுத்துரு. பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறை வந்தபோது, பாமினி முறையில் தட்டினால் யுனிகோடாக மாற்றித் தரும் பெட்டி ஒன்றை எழுதும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தமிழில் மாதப் பெயர் வர வேண்டும். தலைப்பு நீளம் போதாது, கூட்ட வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மொட். மொட் என்றால் உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதற்குக் கீழே இதை ஒட்டு என்று இருக்கும் ஒரு குறிப்பு. அதாவது மூலக்கோப்பையே வெட்டித் தைப்பது. பத்து மொட் தைத்த தளத்துக்குப் புதிய பதிப்பை ஏற்றினால் தையல் எல்லாம் போய்விடும். திரும்ப முதலிலிருந்து தைக்க வேண்டும். ஒரு தளத்துக்கு இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளுக்கு யார் காசு தருவார்? ஆகவே புதிய பதிப்பு வந்தால் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவோம்.

இன்னொன்றும் செய்வோம். பக்கத்தின் அடியில் இது பிஎச்பிபிபியால் இயங்குகிறது என்று ஒரு வரி இருக்கும். அதை அழித்துவிட்டு எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, "நாங்களே செய்த சொஃப்ட்வெயார்" என்று விற்போம். ஆகவே எங்கள் தளம் போனபோது "அது ஓப்பன் சோர்ஸ்தானே" என்று தம்பி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. 2011 கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். "எமது நிறுவனத்தின் பிரத்தியேகக் கருத்துக்கள மென்பொருள்" என்று இருந்தது. விற்கும்போது உங்களுடையது, உடையும்போது ஊராருடையது.

சரி, அந்த மூலக்கோப்புத் தையலுக்காவது ஒரு முடிவு வந்தது. 2014இல் வந்த 3.1 பதிப்பில், மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் இணைக்கும் முறையை பிஎச்பிபிபி கொண்டுவந்தது. 2017இல் 3.2, 2020இல் 3.3. எங்கள் தளம் 2011இல் ஏற்றிய 3.0இலேயே நின்றது. சேர்வர் பதிவுகளை நானும் இன்னொரு நண்பருமாக நாலு இரவு இருந்து பார்த்தோம். கடைசியில் திருடன் வந்த வழி பிஎச்பிபிபியின் ஓட்டையே இல்லை. ஒன்றுகூடல் படங்களை மொத்தமாக ஏற்றுவதற்கு என்று நீங்கள் எழுதித் தைத்த ஒரு மொட். ஏற்றுகிற கோப்பு உண்மையில் படம்தானா என்று அது பார்க்கவே இல்லை. படம் என்று சொல்லி ஒரு பிஎச்பி நிரலை ஏற்றியிருக்கிறான், பிறகு அதன் முகவரியைத் திறந்திருக்கிறான், அவ்வளவுதான். அதை எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்தது நீங்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளையாக இருக்கும். 2005இல் என்றால் அது நானாகவே இருந்திருப்பேன்.

இனி பில்.

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் குடியிருக்கிற எவருக்கும் லிஃப்டின் கதை தெரியும். மெஷின் எங்கோ வெளிநாட்டில் செய்தது. ஆனால் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காரர் வந்து, மேலே ஏறி எண்ணெய் போட்டு, கயிற்றைப் பார்த்து, அட்டையில் திகதி போட்டுக் கையொப்பம் வைத்துவிட்டுப் போவார். இரண்டு மாதம் கையொப்பம் இல்லையென்றால் நாலாம் மாடி அன்ரி முகாமைத்துவக் குழுவை ஒரு வழி பண்ணிவிடுவா. கயிறு அறுந்தால், "அது தொழிற்சாலையின் பிழை, நாங்கள் பூட்டினது மட்டும்தான்" என்று பராமரிப்புக்காரர் சொல்லிவிட்டுப் போகமுடியாது. அட்டையைக் கொண்டுவா என்பார்கள்.

எங்கள் சங்கத்தின் கோப்பில் வருடத்துக்கு 18,000 ரூபாப்படி ஒன்பது பில் இருக்கிறது. "ஹோஸ்டிங் மற்றும் பராமரிப்பு" என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. பராமரிப்பு என்று என்ன செய்தீர்கள் என்று தம்பியிடம் கேட்டேன். "சைட் ஓடுதா எண்டு பாப்பம் அண்ணா" என்றார். லிஃப்ட் மேலும் கீழும் போகிறதா என்று பார்ப்பதற்கு எங்களுக்கே கண் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கிறேன். எல்லாப் பிழைக்கும் நீங்கள் பொறுப்பில்லை. திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல் வந்துவிட்டால் லிஃப்ட்காரர் என்ன செய்வார்? 2019 செப்டம்பர் 23ஆம் திகதி, வி-புல்லட்டின் என்ற கருத்துக்கள மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையைப் பெயர் சொல்லாத ஒருவர் செய்முறையோடு பொதுவில் போட்டுவிட்டார். இது இலவசமாகக் கிடைப்பது இல்லை, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். உள்ளே நுழையக் கடவுச்சொல்கூடத் தேவைப்படாத ஓட்டை. நிறுவனம் இரண்டு நாளில், 25ஆம் திகதி திருத்தம் கொடுத்தது. 29ஆம் திகதி கொமோடோ என்ற நிறுவனத்தின் களம் போனது. ஏறத்தாழ 245,000 பேரின் கணக்குகள். கொமோடோ விற்பதே இணையப் பாதுகாப்பு. நாலு நாளில் திருத்தம் போட அவர்களுக்கே முடியவில்லையென்றால் மேல்மாடி அறையில் நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் உங்களை நான் என்ன சொல்ல?

அதைவிட மோசம், ஓட்டைகளை விலைக்கு வாங்கும் ஸெரோடியம் என்ற நிறுவனத்தின் தலைவரே, தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மூன்று வருடமாக இது தெரியும் என்று பகிரங்கமாகச் சொன்னார். மூன்று வருடம் அந்த ஓட்டை சந்தையில் விலைபோயிருக்கிறது, களம் நடத்தியவர்களுக்கு மட்டும் தெரியாது. பிறகு 2020 ஆகஸ்டில், கொடுத்த திருத்தமே அரைகுறை என்று இன்னோர் ஆய்வாளர் காட்டினார். ஒழுங்காகத் திருத்தம் போட்டவர்களும் திறந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். இந்த இடங்களில் பொறுப்பு மென்பொருளை விற்றவருடையது, தெரிந்தும் வாய் திறக்காமல் வியாபாரம் பண்ணியவருடையது. காசு வாங்கி விற்கும் மென்பொருளிலும் உத்தரவாதம் இல்லை என்ற அதே வாசகம் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதை எப்படி இத்தனை வருடம் எல்லோரும் சகித்தார்கள் என்பது எனக்கு விளங்காத ஒன்று. ஐரோப்பாவில் இப்போது அதை மாற்றுகிறார்கள். 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்த ஒரு சட்டம், மென்பொருளை வியாபாரமாகச் சந்தைக்குக் கொண்டுவருபவர்மேல் திருத்தம் தரும் கடமையைச் சுமத்துகிறது. 2027 டிசம்பரில் முழுதாக நடைமுறைக்கு வரும். காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலரை அது அந்தச் சுமையில் சேர்க்கவில்லை. கோடு எங்கே விழுகிறது பாருங்கள்.

ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது கொமோடோவை இல்லை, உபுண்டுவை. கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸின் ஒரு வகை அது, பாவிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். அவர்களுடைய களமும் வி-புல்லட்டினில்தான் ஓடியது. 2013இல் ஒருமுறை உடைந்தது. 2016 ஜூலையில் மறுபடியும். இந்த முறை ஒரு துணைநிரல் வழியாக, ஏற்கெனவே தெரிந்திருந்த ஓட்டையால், 20 லட்சம் பேரின் பயனர்பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி எல்லாம் போயின. அதை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் உடனே எழுதி வெளியிட்டது: இது தெரிந்த ஓட்டை, நாங்கள் திருத்தம் போடாமல் விட்டிருந்தோம், எடுக்கப்பட்டவை இவை, எடுக்கப்படாதவை இவை, இனிமேல் செய்யப்போவது இது. மென்பொருளை எழுதியவன்மேல் கையைக் காட்டவில்லை.

எங்கள் விடயத்தில், சூதாட்டக் கடை தெரியவந்த அன்றே நான் உங்களுக்குச் சொன்னேன். அன்று இரவே நீங்கள் அந்தக் கடையை அழித்துவிட்டு, "சரி பண்ணியாச்சு" என்று செய்தி அனுப்பினீர்கள். உள்ளே வந்தவன் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் போயிருக்கலாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்து நாள் இருந்தது. ரீச்சருக்கு ஓர் அழைப்பு எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். ஓட்டை இருந்ததற்காக எனக்கு உங்கள்மேல் இவ்வளவு கோபம் இல்லை. அந்தப் பத்து நாளுக்காகத்தான் கோபம்.

எங்கள் செயற்குழுவையும் விட்டுவைக்கக் கூடாது. 2018இல் நீங்கள் 60,000 ரூபாவுக்கு ஒரு கொட்டேஷன் அனுப்பினீர்கள். களத்தில் எழுதவே ஆளில்லை, எதற்கு இந்தச் செலவு, இராப்போசன விருந்துக்கு மண்டபம் எடுக்கலாம் என்று தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன். அந்தக் கொட்டேஷனில் "நவீன தோற்றம், கைபேசிக்கு ஏற்ற வடிவம்" என்று இருந்தது. பழையது ஆபத்து என்று எங்கும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் எழும்பிக் கதைத்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சான்டி புழுவைப் பார்த்தவனுக்கு அந்த வரி எதற்கு? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் முதலில் பிடிப்பது எங்களைத்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தரவை எதற்கு, எப்படி வைத்திருப்பது என்று தீர்மானிப்பவர் ஒருவர். அவருக்காக அதைக் கையாள்பவர் இன்னொருவர். நாங்கள் முதலாமவர், நீங்கள் இரண்டாமவர். பாதுகாப்பது இருவருக்கும் கடமை, தண்டப்பணம் ஒரு கோடி ரூபா வரை போகலாம். அந்தச் சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, அதற்குள் நாங்களும் நீங்களும் கொஞ்சம் ஒழுங்காகிவிடலாம். அரசாங்கத்தைப் பார்த்து ஒழுங்காவோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டில் இருந்த மின்னஞ்சல்கள், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்குமானவை, கப்பம் கேட்கும் வைரஸால் போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். ஓடியது எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. மைக்ரோசொஃப்ட் அந்த வருட ஏப்ரலோடு கைவிட்ட பதிப்பு. புதிதாக்க வேண்டும் என்று 2021இலேயே தெரியும், காசும் தீர்மானமும் பிந்திவிட்டன என்றார்கள். எங்கள் செயற்குழுவின் கதையேதான், அளவு மட்டும் பெரிது.

இனி என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். லிஃப்ட் அட்டை வேண்டும். பில்லோடு சேர்த்து ஒரு தாள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தத் திகதியில் கடைசியாகத் திருத்தம் போட்டீர்கள், நீங்களே எழுதித் தைத்தவை எவை, அவற்றை இன்றைக்குத் திருத்தக்கூடிய ஆள் உங்களிடம் இருக்கிறாரா. இருந்தவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார் என்றால் அதையும் எழுதுங்கள், பரவாயில்லை, நாங்கள் அதற்கேற்ற மாதிரி யோசிப்போம். எழுதியவர்கள் கைவிட்ட பதிப்பு என்றால் "இது ஆபத்து" என்ற சொல்லையே எழுதுங்கள். "நவீன தோற்றம்" என்று எழுதினால் எங்கள் பொருளாளர் காசு விடமாட்டார், ஆபத்து என்றால் யோசிப்பார். அவர் வங்கியில் இருந்தவர்.

பராமரிப்புக்கு நேரமோ ஆளோ இல்லையென்றால் அந்தச் சொல்லைப் பில்லிலிருந்து எடுத்துவிட்டு ஹோஸ்டிங்குக்கு மட்டும் 8,000 ரூபா போடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாங்கள் வேறு ஆளைத் தேடுவோம், அல்லது தளத்தை மூடுவோம். மூடுவதிலும் உங்களால் உதவலாம். எழுத ஆளில்லாத களத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய உரையாடல்களை வெறும் பக்கங்களாக இறக்கி வைத்துவிட்டு, உள்நுழைவையும் தரவுத்தளத்தையும் அகற்றிவிடலாம். வாசிக்க விரும்புகிறவர் வாசிப்பார், உடைக்க வருபவனுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. எங்களுக்கு அரை நாளில் செய்துமுடிந்தது. 2018இல் உங்களில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அந்த 60,000 ரூபாவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் இதற்குக் கொட்டேஷன் போட முடியாது, அதுதான் பிரச்சினை போல.

உடைந்தது தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். முழுக்கத் தெரிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். "பட்டியல் போயிருக்கலாம், உறுப்பினர்களை எச்சரியுங்கள்" என்ற ஒரு வரி போதும். கடவுச்சொற்களும் போயிருக்கலாம் என்றால் அதையும் சொல்லுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் களத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தார்கள், அதுவும் அனேகமாகப் பாடசாலையின் பெயர். முறைப்பாடு செய்வதற்கு 2006இலிருந்து இலங்கை சேர்ட் என்று, இப்படியான இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் ஓர் அமைப்பே கொழும்பில் இருக்கிறது. எங்கள் தளத்தைப் பற்றி அவர்களுக்கு அறிவித்தது நீங்கள் இல்லை, நாங்கள்.

உறுப்பினர்கள் எல்லோருக்கும் நாங்கள் கடிதம் எழுதிவிட்டோம். அடையாள அட்டை இலக்கங்களை அழித்துவிட்டோம். ரீச்சரின் 25,000 ரூபாவைச் செயற்குழுவில் ஏழு பேர் பகிர்ந்து கட்டினோம்; உங்களிடம் கேட்கவில்லை.

இந்த வருடத்துப் பில்லும் போன கிழமை வந்து சேர்ந்திருக்கிறது. தளத்தில் இப்போது வெறும் பக்கங்கள்தான் இருக்கின்றன, ஆனாலும் "ஹோஸ்டிங் மற்றும் பராமரிப்பு, 18,000 ரூபா" என்ற வரி அப்படியே இருக்கிறது. பராமரிப்பு என்பதற்கு எதிரே, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எங்கள் தளத்துக்கு என்ன செய்தீர்கள் என்று திகதியோடு எழுதித் திருப்பி அனுப்புங்கள். எழுதியதற்கு உரிய காசோலையில் பொருளாளரும் நானும் அன்றைக்கே கையொப்பம் வைக்கிறோம்.

இப்படிக்கு,
கிளைச் செயலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06